உதயா வேண்டாமென்றாள்

ஜனக்புரி, புதுதில்லி
9 மார்ச் 2024

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

வைதேஹி எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. உன் உடம்பைப் பற்றித்தான் நீ எழுதவே மாட்டேன் என்கிறாய். எத்தனை துணி வந்தது, எதில் நூல் பிரிந்திருக்கிறது என்பதோடு உன் கடிதம் முடிந்துவிடுகிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

ஃபோனில் கேட்கலாமே என்பாய். என் பிள்ளையும் நீயும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. ஃபோன் என்றால் அர்விந்த் பேச்சு வந்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் பாடுபடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. தைத்த துணி மூட்டைக்குள் கடிதத்தை வைத்து அனுப்புவதுதான் எனக்குச் சௌகரியம்.

டென்மார்க் கடைக்காரர்கள் கேட்டதாக நீ தமிழில் எழுதி அனுப்பிய விதிகளை நேற்று பஸ்திக் குடிசைப் பகுதியில் படித்துக் காட்டினேன். பொன்னம்மாள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தோம். நம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், இன்று உன் குர்த்தாக்களுக்குக் கழுத்து எம்பிராய்டரி போடுகிற அத்தனை பெண்களுக்கும் தலைவி. "வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குப் போதிய வெளிச்சமும் காற்றும் இருக்க வேண்டும்" என்று நான் படித்ததும், தகரக் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "காத்து வேணும்னா கதவத் தொறக்கணும். தொறந்தா சாக்கடை உள்ள வருது. எந்த விதிய மொதல்ல பாக்கறதும்மா?" என்றாள். ஒரே சிரிப்பு.

அடுத்த விதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "கொடுக்கும் வேலையை வேண்டாமென்று மறுக்க உரிமை உண்டு. மறுத்ததற்காக அடுத்த வேலையை நிறுத்தக் கூடாது." பொன்னம்மாளின் பெண் உதயா அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அவளுக்கு இது நாலாம் மாதம். தில்லியிலேயே பிறந்தவள் என்பதால் தமிழ் பேசுவாள், படிக்க வராது. அந்தக் கூட்டத்தில் அவள் கைத்தையல்தான் முதல்தரம் என்று உனக்கே தெரியும்.

"வேணாம்னு சொன்னா அடுத்த பண்டல் பக்கா வருமா, ஆன்ட்டி?"

"ஸ்ம்ருதி எழுதியிருக்கா. தாராளமா வரும்" என்றேன்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஸ்ம்ருதி. உன்னைப் பற்றித்தான்.

அன்புடன்
அம்மா


பெங்களூரு
21 மார்ச் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். போதுமா?

கையெழுத்துகளைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. படித்து முடித்ததும் நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தேனே, அங்கே வெளிநாட்டு ஆட்கள் பார்க்க வரும் நாட்களில் மட்டும் கழிவறைக்குச் சோப்பு வரும். என் கடையில் அப்படி எதுவும் நடக்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். விதிகளை அவர்கள் கேட்டார்கள் என்பதற்காக மட்டும் எழுதவில்லை அம்மா.

இப்போது செய்தி. டென்மார்க் ஆர்டர் கிடைத்துவிட்டது! நாம் இதுவரை செய்த எதையும்விடப் பெரியது. வெளிர் மஞ்சளிலும் வெள்ளையிலும் குர்த்தாக்கள், கழுத்திலும் கைமடிப்பிலும் பூ. ஒரு சிக்கல், சரக்கு ஜூலை முடிவில் போனால் போதும் என்றிருந்தார்கள். இப்போது ஜூன் இருபதுக்குள் கப்பலேற வேண்டுமாம். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். இதை நம்பித்தான் கடைக்குப் பெரிய இடம் பிடித்திருக்கிறேன், இரண்டு தையல்காரர்களையும் சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் இல்லாவிட்டால் தில்லியில் எனக்கு யாரும் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு உங்கள் வீட்டு மனிதர்கள் ஒருவர்கூட என்னோடு பேசவில்லை. நீங்கள் மட்டும் "துணியை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை.

உங்கள்
ஸ்ம்ருதி


ஜனக்புரி
28 மே 2024

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

இந்த வெயிலைப் பற்றி செய்தியில் பார்த்திருப்பாய். பார்ப்பது வேறு. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பஸ்திக்கு நடந்தேன், செருப்புக்கடியில் தார் இளகியது.

பொன்னம்மாள் வீட்டுத் தகரத்துக்குக் கீழே ஐந்து நிமிஷம்கூட என்னால் உட்கார முடியவில்லை. அவர்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். ஊசி வழுக்குகிறது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் வெள்ளைத் துணியில் வட்டமாகக் கறை. உதயா கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு தைத்தாள், துண்டின் ஈரமும் துணியில் இறங்கிவிட்டது. மதியம் முழுக்க மின்சாரம் இல்லை.

பொறுக்க முடியாமல் எல்லாரையும் என் வீட்டு ஹாலுக்கு அழைத்துவந்தேன். கூலரைப் போட்டு, பாயை விரித்து, மோர் கரைத்துக் கொடுத்தேன். மூன்று நாள் நன்றாக நடந்தது. நாலாம் நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாடியேறி வந்துவிட்டார். "மாதாஜி, ஃப்ளாட்டில் ஃபேக்டரி நடத்த முடியாது" என்றார். யார் சொன்னார்களோ, மறுநாள் குர்கானிலிருந்து அர்விந்த் ஃபோன். "அவளுக்காக நீ ஏம்மா ஊரோட சண்டை போடறே?" என்றான். பெண்கள் மறுபடி தகரத்துக்கே போய்விட்டார்கள்.

அதனால் கேட்கிறேன். டென்மார்க்காரர்களிடம் தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கேள். விதிகளைக் கேட்டவர்கள் அவர்கள்தானே, வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்றவர்களுக்கு வெயில் என்றால் புரியாதா? உதயாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. அவளுக்குக் குறைவாகவே கொடுக்கிறேன், ஆனாலும் கைமடிப்புப் பூ அவளைப் போல வேறு யாருக்கும் வரவில்லை.

உடனே பதில் எழுது.

அம்மா


பெங்களூரு
3 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை.

தள்ளிக் கேட்க வேண்டும் என்று மின்னஞ்சல் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பயம். முதல் ஆர்டரிலேயே தேதி தவறினால் அடுத்த வருஷம் நம்மை யார் நினைப்பார்கள்? அவர்களுக்கு வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் நிற்கிறார்கள்.

கறை பட்ட துணிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவற்றுக்குப் பதிலாகப் புதுத்துணி வெட்டி இதே மூட்டையில் வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதிக்குள் என் கைக்கு வந்தாக வேண்டும். கைமடிப்பு உதயாவே போடட்டும். டென்மார்க்கில் கண்காட்சிக்கு வைக்கப்போகிற துணிகள், மற்றவர்கள் போட்டால் தெரிந்துவிடும்.

இந்த ஒரு தடவைதான். எனக்காக, அம்மா.

ஸ்ம்ருதி


ஜனக்புரி
19 ஜூன் 2024

ஸ்ம்ருதிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குறுக்கே நிறுத்தாமல் படி.

உன் மூட்டை வந்த அன்றே பஸ்திக்குப் போனேன். உதயா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. துணியைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"இந்த தடவ வேணாம் ஆன்ட்டி. தல சுத்துது. படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லிருக்காங்க."

மறைக்காமல் சொன்னாள். விதியில் உள்ளபடியே சொன்னாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். "கொஞ்சம்தான்டி இருக்கு. எனக்காகப் போட்டுக் குடுத்துடு" என்றேன். நீ எனக்கு எழுதிய அதே வார்த்தை.

உள்ளேயிருந்து பொன்னம்மாள், "அம்மாவே தேடி வந்திருக்காங்க. வாங்கி வைடி" என்றாள். பொன்னம்மாளின் கண் ஆபரேஷனுக்கு நான் கூடவே அலைந்தது, உதயாவின் பள்ளிச் சேர்க்கைக்கு நான் போய் நின்றது எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. உதயா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பதிமூன்றாம் தேதி காலையிலிருந்து அங்கே மின்சாரம் இல்லை. நண்பகலுக்குப் பிறகு பொன்னம்மாள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது உதயா பக்கவாட்டில் சரிந்து கிடந்தாளாம். உடம்பு அனலாகக் கொதித்ததாம். ஆனால் வியர்வையே இல்லையாம். அவள் புருஷன் வேலு தன் ஈ-ரிக்ஷாவிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் ஐஸ் கட்டிகளை வைத்து அவளைக் குளிர்வித்துக்கொண்டிருந்தார்கள்.

உதயா பிழைத்துவிட்டாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

வெயில்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "வெயிலும் இருக்கலாம், ரத்த அழுத்தமும் இருக்கலாம்" என்றார். இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

பொன்னம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அழாதீங்கம்மா" என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் போட்டு முடித்த துணிகளை இத்துடன் அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன். மற்றவை உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும்.

வைதேஹி


பெங்களூரு
27 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

என்ன எழுதுவதென்று தெரியாமல் நாலைந்து நாள் போய்விட்டது. உதயாவின் முகம் கண்முன்னே நிற்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு, மருந்து, அவளுக்கு வேண்டிய ஓய்வு எல்லாவற்றுக்கும் உங்கள் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். கணக்குப் பார்க்காமல் செலவழியுங்கள்.

ஒரு விஷயம், உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லையே.

இன்னொன்றும் எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நேரத்தில் எழுதுவதற்கு என்னை மன்னியுங்கள். விதிகள் நடக்கின்றனவா என்று பார்க்க டென்மார்க் கடை சார்பில் ஒரு பெண் ஜூலையில் பஸ்திக்கு வருகிறாள். வீடு வீடாகப் போய்ப் பேசுவாள். உதயா மே மாதமே வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. உதயாவிடமும் பொன்னம்மாளிடமும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

எனக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த ஆர்டர் போனால் அங்கே எல்லாப் பெண்களுக்கும் வேலை போகும். இங்கே தையல்காரர்களும் வீட்டுக்குப் போவார்கள். உண்மையைச் சொல்வதால் அந்தக் குழந்தை திரும்பி வருமா? இத்தனை பேரைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உங்கள்
ஸ்ம்ருதி


ஜனக்புரி
20 ஜூலை 2024

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

நீ எழுதியதை யோசித்தேன். தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது. பொன்னம்மாளிடமும் சொன்னேன். அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "சொல்லிட்டாப் போச்சு. வேல நின்னுட்டா மத்த பொண்ணுங்க என்னத்த திங்கும்?" என்றாள். ஆக, அந்தப் பெண் வரும் அன்று நான் பொய் சொல்லத் தயாராகத்தான் போனேன். இதை நீ நம்ப வேண்டும்.

வந்தவள் சின்ன வயது. மரியாதையான பெண். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். எல்லாரிடமும் ஹிந்தியில் பேசினாள், கூரையைப் பார்த்தாள், கதவைத் திறந்து சாக்கடையைப் பார்த்தாள். கடைசியாக உதயாவிடம், ஜூன் மாதம் தைத்தீர்களா என்று கேட்டாள்.

உதயா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று என் முகத்தில் தேடினாள். அன்றைக்கு மூட்டையை வாங்குவதற்கு முன்னால் பார்த்தாளே, அதே பார்வை.

குழந்தையைப் பறிகொடுத்தவள், நடந்ததைச் சொல்வதற்குக்கூட என் உத்தரவுக்குக் காத்திருக்கிறாள்.

"தைத்தாள்" என்று நான் சொன்னேன். "வேண்டாம் என்று சொன்னாள். நான்தான் கொடுத்தேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெயில், தேதி, கறை பட்டுத் திரும்பிய துணி எல்லாம். இரண்டு வாரம் தள்ளிக் கேட்கச் சொல்லி நான் எழுதியதையும், நீ கேட்காமல் விட்டதையும் சொன்னேன். உன்னைக் கெட்டவளாகக் காட்டவில்லை. நல்லவளாகக் காட்டவும் எனக்கு வார்த்தை வரவில்லை.

உதயா அழுதாள். அன்றுதான் முதல் முறையாக எங்கள் எதிரில் வாய்விட்டு அழுதாள். பொன்னம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

நீ கோபப்படுவாய். கோபத்தை எனக்கு எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அம்மா


பெங்களூரு
6 ஆகஸ்ட் 2024

திருமதி வைதேஹி அவர்களுக்கு,

டென்மார்க் நிறுவனம் எங்களுடனான கொள்முதலை நிறுத்திவைத்திருப்பதால், தில்லியில் நடைபெற்றுவந்த கைத்தையல் வேலைகளை இன்று முதல் நிறுத்துகிறோம். பெண்களுக்குச் சேர வேண்டிய கூலி முழுவதும் அனுப்பப்பட்டுள்ளது. மீதித் துணி, நூல், ஃப்ரேம்கள் ஆகியவற்றைக் கூரியரில் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை தாங்கள் செய்த உதவிக்கு நன்றி.

இப்படிக்கு
ஸ்ம்ருதி


பெங்களூரு
24 நவம்பர் 2024

அம்மா,

இப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. அழைத்துவிட்டேன்.

பெரிய கடையை விட்டுவிட்டேன். இப்போது ஒரே அறை. தையல்காரர்களையும் அனுப்ப வேண்டியதாயிற்று. உங்கள் மேல் இருந்த கோபத்தில் பல நாள் சமையல்கூடச் செய்யவில்லை. என் சொந்த அம்மா காட்டிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

போன மாதம் டென்மார்க்கிலிருந்து எழுதினார்கள். அவர்கள் ஒரேயடியாகப் போய்விடவில்லையாம். தவறைச் சரிசெய்தால், தேதிகளை என்னோடு பேசி வைத்துக்கொள்ளத் தயார், கோடையில் கேட்க மாட்டோம் என்கிறார்கள். ஜூன் மாதமே சொல்லியிருந்தால் தள்ளியிருப்போம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. நான் கேட்கவே இல்லையே அம்மா. கேட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கிறது.

மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நீங்கள்தான் பெண்களைக் கூட்டிப் பேச வேண்டும், முன்பு போல. நீங்கள் கேட்டால் வருவார்கள். உதயாவிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் சார்பில் நீங்களே ஏதாவது சொல்லிவிடுங்கள்.

ஸ்ம்ருதி


ஜனக்புரி
8 டிசம்பர் 2024

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ்திக்குப் போனேன். ஆகஸ்டுக்குப் பிறகு பொன்னம்மாள் எனக்குக் கதவைத் திறக்காத நாட்களும் உண்டு. வேலை நின்றதும் இரண்டு பெண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். ஒருத்தி ஊருக்கே திரும்பிவிட்டாள். பொன்னம்மாள் இந்த வயதில் மறுபடி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். நான் சொன்ன உண்மைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. உன் வாதத்தில் அந்தப் பாதி சரிதான். அதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். பிறகு உதயா பேசினாள். வெகுநாளாக யோசித்து வைத்திருந்தவள் மாதிரிப் பேசினாள்.

"கோடைல வேல வேணாம். சம்பளம், தேதி எல்லாம் எங்களோட டைரக்டா பேசட்டும். மத்த பொண்ணுங்களுக்கு நான் பேசறேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. வேற யாராவது வந்து கேட்டா என்னால வேணாம்னு சொல்ல முடியும். நீங்க வந்து கேட்டா முடியாது. அதான், நீங்க நடுவுல இருக்க வேணாம்."

பொன்னம்மாள், "என்னடி பேச்சு இது" என்று அதட்டினாள். நான்தான் அவளைத் தடுத்தேன். கோபம் வரவில்லை, ஸ்ம்ருதி. அவள் என்னைப் பார்த்து வேண்டாமென்று சொல்லி, முதல் தடவையாக அதிலேயே நின்றாள். அதற்குமேல் என்னிடமிருந்து அவளுக்கு ஆக வேண்டியது வேறென்ன இருக்கிறது?

ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். நீயும் என்னைக் கேட்காதே. பெண்களைக் கூட்டிப் பேச மாட்டேன். அவளிடம் உன் சார்பில் ஒன்றும் சொல்லவும் இல்லை. அது நீ சொல்ல வேண்டியது. எழுதுவதானால் ஹிந்தியில் எழுது, படிப்பாள். அதைவிட நேரில் வா. இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூட அந்த வீட்டு வாசலைப் பார்த்ததில்லை. அவளுடைய ஃபோன் எண்ணை அவளே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீயும் அர்விந்தும் பிரிந்த பிறகு உனக்கும் எனக்கும் நடுவில் இருந்தது இந்த வேலை ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் நாம் ஒருவருக்கொருவர் யார் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். விடை தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் அன்றைக்கு உனக்கு முடியாது என்று எழுதாமல், அவள் மடியில் மூட்டையை வைத்தேன். இனி அந்தப் பயத்தோடே இருந்துவிட்டுப் போகிறேன்.

பஸ்திக்கு வந்துவிட்டு அப்படியே விமானம் ஏறிப் போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே வீட்டுக்கு வந்தாலும், எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டேன்.

வைதேஹி